கட்டும் படியுமா, நாடாவும் தராசுமா: குதிரைத் தீவனத்தை அளக்கும் இரு வழிகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் தோவாளைப் பக்கத்தில் குதிரைக்குத் தீவனம் அளக்க இரண்டு வழிகள் உள்ளன. வேளைக்கு ஒரு கட்டு புல், ஒரு படி தானியம் என்று பழகிய கையளவில் போடுவது ஒன்று. குதிரையின் உடல் எடையை நாடாவால் கணித்து, அதற்குரிய தீவனத்தைத் தராசில் நிறுத்துப் போடுவது மற்றொன்று. என் தொழுவத்தில் நான் பின்பற்றுவது இரண்டாவது வழி.

படி அளவு விரைவானது, யாரும் செய்யக்கூடியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே படியில் ஓட்ஸுக்குப் பதில் மக்காச்சோளம் விழுந்தால் குதிரைக்குக் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. கோதுமைத் தவிடோ படி நிறைந்தாலும் எடையில் மிகக் குறைவு. கொள்ளு அதற்கு நேர் மாறாகக் கனக்கும்.

நாடாக் கணக்கு கடினமானதல்ல. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, பின் நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 165, நீளம் 145 எனில் குதிரையின் எடை சுமார் 332 கிலோ. லேசான வேலை செய்யும் குதிரைக்கு உடல் எடையில் 2 சதவீதம், அதாவது சுமார் 6.6 கிலோ, உலர்பொருளாக (நீரை நீக்கிய தீவன எடையாக) தேவை. அதில் 5 கிலோவாவது புல்லிலிருந்தும் உலர்புல்லிலிருந்தும் வருவது நல்லது.

தராசின் பக்கம் என்னை முழுமையாகச் சாய்த்தது புல்லில் இருக்கும் நீர். பசும்புல்லில் உலர்பொருள் 20 சதவீதம் என்றால் 25 கிலோ புல்லில் அந்த 5 கிலோ கிடைத்துவிடும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் இம்மாவட்டத்தில், மழைக்குத் துளிர்த்த இளம்புல்லில் அது 15 சதவீதமாகக் குறைந்தால், அதே 25 கிலோவில் கிடைப்பது 3.75 கிலோ மட்டுமே. கட்டு அதே பருமனில் இருப்பதால் பராமரிப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. குதிரை இளைத்த பிறகே தெரியும். அப்போது பெரும்பாலோர் கூட்டுவது தானியத்தைத்தான். குதிரையின் இரைப்பை உடலோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரே வேளையில் அளவு மீறிய மாவுச்சத்து சென்றால், செரிக்காத பகுதி பெருங்குடலில் புளித்து, கடும் வயிற்று வலியையும் குளம்பு அழற்சியையும் உண்டாக்கும். இந்த எடையுள்ள குதிரைக்கு ஒரு வேளைத் தானியம் 1.6 கிலோவைத் தாண்டக் கூடாது. உண்மையில் புல்லில் ஏற்பட்ட அந்தக் குறையை நிரப்ப ஒன்றரைக் கிலோ உலர்புல் போதும்.

புல்லின் ஈரத்தை வீட்டிலேயே அறியலாம். நறுக்கிய புல்லில் 100 கிராம் எடுத்து, மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு குவளை நீரை உடன் வைத்து, கருகாமல் சிறிது சிறிதாகச் சூடாக்கி, எடை மேலும் குறையாத நிலையில் எடைபோட்டால், மிஞ்சிய கிராம்களே உலர்பொருளின் சதவீதம். புல் மாறும்போதும் மழை தொடங்கும்போதும் இதைச் செய்தால் போதும்.

தராசுக்கும் எல்லை உண்டு. கும்பப்பூ நெல் அறுவடைக்குப் பின் நாஞ்சில் நாட்டு வயல்களில் கிடைக்கும் வைக்கோல் எடையில் குறைவில்லாதது. சத்தில் நல்ல உலர்புல்லுக்கு அருகிலும் வராது. ஆகவே 1983 இல் ஆய்வாளர் ஹென்னெக் வகுத்த 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரையிலான உடல்நிலை மதிப்பெண்ணையும் சேர்த்துப் பார்க்கிறேன்: விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல், கைக்கு எளிதில் தட்டுப்பட்டால் அது 5, அதுவே நான் நாடும் நிலை. என் அனுபவம் லேசான சவாரிக்குரிய வளர்ந்த குதிரைகளோடு நிற்கிறது. இந்த நாடாக் கணக்கும் வளர்ந்தவற்றுக்கே உரியது. சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவே சரி.

படியை விட மனமில்லாதவர்கள், ஒவ்வொரு புதிய மூட்டைத் தானியத்தையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, தேவையான எடை எட்டும் இடத்தில் பாத்திரத்தில் கோடு போட்டுக்கொள்ளலாம். புல்லுக்கு அப்படிக் கோடு போட வழியில்லாததால், தொழுவ வாசலில் ஒரு தொங்கு தராசு அவசியம்.