கடலோர மொட்டை மாடியில் லேசர் லிங்க்: ஈரப்பதத்தின் மேல் போடும் பழியில் பாதி அநியாயம்

சென்னைக் கடற்கரையை ஒட்டி, மாடிக்கு மாடி லேசர் லிங்க், அதாவது கேபிள் இல்லாமல் ஒளிக்கற்றையில் டேட்டா அனுப்பும் இணைப்பு. தூரம் ஏறக்குறைய 1 கிலோமீட்டர், அலைநீளம் 1550 நானோமீட்டர், வேகம் 1 கிகாபிட், ரிசீவர் லென்ஸ் 15 சென்டிமீட்டர். எல்லாப் பருவமும் பார்த்தாயிற்று. சிக்னல் ஆடினாலும் சரி, விழுந்தாலும் சரி, "ஹியூமிடிட்டி சார்" என்று சொல்லிவிடுவார்கள். ஆடுவதும் விழுவதும் வேறு வேறு நோய்.

ஆட்டிவைப்பது வெப்பம். சூடான தரையிலிருந்து எழும் காற்றுக் குமிழ்கள் ஒளிவிலகலை மாற்றிக்கொண்டே இருப்பதால் (இதைத்தான் கொந்தளிப்பு என்கிறேன்) கற்றை சிமிட்டுகிறது. இதில் நீராவியின் நேரடிப் பங்கு சொற்பம். தரை வெப்பமாக விடும் ஆற்றலை ஆவியாக்கத்தில் செலவாகும் ஆற்றலால் வகுத்தால் வருவது போவன் விகிதம். காய்ந்த தரையில் அது 2, 3 என்று இருக்கும். ஈரப்பதத்தால் கூடும் கொந்தளிப்பு அங்கே 2-3 சதவீதம்தான். கடல் மேல் அதே விகிதம் 0.1 ஆகும்போது சுமார் 70 சதவீதம் கூடும், ஆனால் அங்கே அடிப்படைக் கொந்தளிப்பே குறைவு. (மைக்ரோவேவ் ஆட்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர்கள் அலைவரிசையில் நீராவிதான் பெரிய ஆள்.) மழை விட்டு மாடி ஈரமாக இருக்கும்போது சிமிட்டல் அடங்குவதை லாகிலேயே (கருவியின் சிக்னல் பதிவு) பார்க்கலாம், வெயிலின் ஆற்றல் ஆவியாக்கத்தில் போய்விடுகிறது.

ஆகவே சிமிட்டலுக்கு மருந்து உயரம். பகல் வெயிலில் கொந்தளிப்பு உயரத்தின் 4/3 அடுக்கில் குறைகிறது. தளத்திலிருந்து 1 மீட்டரில் இருக்கும் கருவியை 3 மீட்டருக்கு ஏற்றினால் அந்த இடத்தில் கால்வாசிதான் மிஞ்சும். கைப்பிடிச்சுவரை உரசிக்கொண்டு கற்றையை விடவே கூடாது. 785 நானோமீட்டர் கருவி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால், அதே காற்றில் சிமிட்டலின் மாறுபாடு 1550-ஐப் போல 2.2 மடங்கு. லென்ஸ் பெரிதாக இருப்பதும் உதவும்: இந்தத் தூரத்துக்குச் சிமிட்டல் திட்டுகள் 4 சென்டிமீட்டர் அளவு, 15 சென்டிமீட்டர் லென்ஸ் பல திட்டுகளைச் சேர்த்துச் சராசரியாக்கிவிடும்.

இனி ஈரப்பதம் நிஜமாகவே படுத்தும் இடம். ஒப்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலுள்ள கடல் உப்புத் துகள்கள் நீரை இழுத்து ஊதிப்போகும்; கற்றை சிதறி மங்கும். இந்த மங்கலில் 1550 ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூடுபனியில் எந்த அலைநீளமும் உதவாது, துளிகள் அதைவிடப் பெரியவை. பார்வைத்தூரம் 500 மீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 34 டெசிபல் இழப்பு, 200 மீட்டர் என்றால் 85. போகி காலையில் புகையும் பனியும் சேரும்போது லிங்க் இருக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அதைவிட அடிக்கடி வருவது கண்ணாடிப் பிரச்சினை. விடியலில் முன்கண்ணாடியில் பனி கோத்துக்கொள்ளும். காய்ந்தபின் உப்புப் படலம் நிற்கும். அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் படிகங்கள் பூச்சைக் கீறிவிடும். முதலில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி உப்பைக் கரைத்து ஓடவிட்டு, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சு உதிராத துணியால் ஒரே திசையில் துடைக்க வேண்டும். ஹீட்டர் இருந்தால் கண்ணாடி பனிநிலையைவிட (பனி கோக்கத் தொடங்கும் வெப்பநிலை) 3-5 டிகிரி மேலே நின்றால் போதும். அதற்கு மேல் சூடேற்றினால் முன்னாலேயே நம் கையால் கொந்தளிப்பு கிளப்புகிறோம். உள்ளே சிலிக்கா ஜெல் ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறிவிட்டால் மாற்றுங்கள், கூடவே மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். ஜெல் சீக்கிரம் தீர்கிறது என்றால் ஒழுகுவது அங்கேதான்.

நோயைப் பிரித்தறிய சிக்னல் லாகை மில்லிவினாடி அளவில் எடுக்க வேண்டும். ஒரு வினாடிச் சராசரி சிமிட்டலை மறைத்துவிடும். சராசரி நிலையாக இருந்து வேகமான ஏற்ற இறக்கம் மட்டும் கூடினால் வெப்பக் கொந்தளிப்பு. சராசரியே மெதுவாக இறங்கினால் மங்கல் அல்லது கண்ணாடி. தினமும் ஒரே நேரத்தில் வெயில் ஏற ஏற இறங்கினால், ஈரப்பதமல்ல, ஒருபக்கம் சூடாகி வளையும் இரும்புக் கம்பம்.

லிங்கின் தரம் குறை சொல்லும்படி இல்லை. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒன்றைப் பக்கத்திலேயே மாற்று வழியாகக் கட்டிவைக்காமல் கடலோரத்தில் இதை வாங்குவதைப் பரிந்துரைக்க மாட்டேன். 60 கிகாஹெர்ட்ஸ் வேண்டாம், அது மழையில் படுத்துவிடும்.