கார் வாங்காமல் மொரிஷியஸில் ஓட்டிய வருடங்கள்

வேலை கிடைத்து மொரிஷியஸ் வருகிற நம்மூர்க்காரர்கள், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னாலேயே கேட்பது, அங்கே கார் இல்லாமல் சமாளிக்க முடியுமா என்பதைத்தான். முடியும். நாங்கள் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் எந்த ஊரில் வீடு எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தப் பதில் தலைகீழாக மாறிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2021 கடைசியில் வந்தோம். வீடு கத்ர் போர்னில். எனக்கு எபேன் சைபர் சிட்டியில் வேலை, என் வீட்டுக்காரருக்கு போர்ட் லூயிஸில், மகள் பக்கத்திலேயே ஆரம்பப் பள்ளியில் படிக்கிறாள். நாங்கள் வந்த சமயத்தில் மெட்ரோ கத்ர் போர்ன் வரைக்கும்தான் ஓடியது. 2019 அக்டோபரில் போர்ட் லூயிஸுக்கும் ரோஸ் ஹில்லுக்கும் நடுவே திறந்து வைத்தது, கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி 2022 அக்டோபரில் கியூர்பிப்பைத் தொட்டது, அடுத்த ஜனவரியில் ரோஸ் ஹில்லிலிருந்து எபேன் வழியாக ரெதுய் வரை ஒரு கிளையும் வந்தது. இந்தத் தீவில் 1864லேயே ரயில் ஓடியிருக்கிறது. பிறகு பஸ்ஸும் லாரியும் பெருகி, 1956இல் பயணிகள் ரயிலை நிறுத்தி, 1964இல் சரக்கு ரயிலையும் மூடிவிட்டார்கள். அப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் தண்டவாளமே கிடையாது. அதனால்தானோ என்னவோ, வயதானவர்கள் மெட்ரோவில் ஏறினால் ஜன்னலோரம்தான் வேண்டும் என்று தேடிப்போய் உட்காருகிறார்கள். பக்கத்தில் யாராவது இருந்தால், இந்த இடத்தில் அந்தக் காலத்தில் ஸ்டேஷன் இருந்தது என்று கை காட்டிச் சொல்வார்கள்.

எனக்கு எபேன் கிளை வந்ததுதான் பெரிய மாற்றம். அதற்கு முன்னால் பஸ்ஸை நம்பித்தான் காலை நேரம் ஓடியது. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று நிச்சயமாகச் சொல்லவே முடியாது, வந்தாலும் சைபர் சிட்டி திருப்பத்தில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். இப்போது ரோஸ் ஹில்லில் வண்டி மாறினால் போதும், கார்டைத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தால் அலுவலகம் போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய தினமும் ஒன்றுதான். குழந்தையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடுகிற அம்மாவுக்கு இந்த ஒன்று எவ்வளவு பெரிய நிம்மதி என்பது காலையில் அடுப்படியிலிருந்து கிளம்புகிறவர்களுக்குப் புரியும்.

மழையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர்ட் லூயிஸ் கடற்கரையில் இருக்கிறது, கியூர்பிப் ஐந்நூறு மீட்டருக்கும் மேலான உயரத்தில். ஒரே மெட்ரோவில், ஒரே மதியத்தில், கீழே சட்டை முதுகோடு ஒட்டுகிற வெயிலும் மேலே ஸ்வெட்டர் தேடுகிற தூறலும் கிடைக்கும். வாக்வா தாண்டியதும் கண்ணாடியில் சாய்வாகத் தண்ணீர் ஓட ஆரம்பிக்கும், உள்ளே இருப்பவர்கள் யாரும் அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள், ஒருவர் பின் ஒருவராகப் பையிலிருந்து குடையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள். முதல் குளிர்காலத்தில், அதாவது ஜூலை ஆகஸ்டில், கியூர்பிப் சந்தைக்குப் போன மூன்று பேரும் நனைந்து, மகளுக்கு ஒரு வாரம் சளி பிடித்துக்கொண்டது. கார் இருந்தால் இது நடந்திருக்காது, உண்மைதான். அதற்குப் பிறகு ஆளுக்கொரு ரெயின்கோட், மடக்குக் குடை, மகளுக்கு ஒரு ஜோடி சாக்ஸ் கூடுதல் என்று கதவோரமே ஒரு பை தொங்குகிறது.

இனி பஸ். இங்கே இன்னும் கண்டக்டர் உண்டு, காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், சில்லறை இல்லாமல் ஏறாதீர்கள். இந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழிலும் தொகை அச்சிட்டிருக்கும், வந்த புதிதில் அதைப் பார்த்து மனம் பூரித்துப் போனேன். ஆனால் ஆயிரம் ரூபாய் நோட்டைக் காலை நேரத்து பஸ்ஸில் நீட்டினால் எந்த மொழியில் எழுதியிருந்தாலும் கண்டக்டர் முகம் சுருங்கிவிடும். மற்றபடி நல்ல மனிதர்கள். ஒருமுறை மயேபூர் போகிற வழியில் பஸ் புகைந்து நின்றுவிட்டது, நெடுஞ்சாலை ஓரம், நல்ல வெயில். கண்டக்டர் எல்லோரையும் கரும்புத் தோட்டப் பக்கம் நிழலில் நிற்கவைத்து, அடுத்து வந்த பஸ்ஸை மறித்து, எங்கள் பழைய சீட்டையே செல்லவைத்து, கைக்குழந்தைக்காரிகளை முதலில் ஏற்றினார். வண்டியைப் பராமரிக்காத முதலாளி மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அந்தக் கண்டக்டர் மேல் இல்லை.

பெரிய குறை என்னவென்றால் பஸ் சீக்கிரம் அடங்கிவிடும். கிராமப் பக்கம் மாலை ஆறு, ஆறரை என்றால் கடைசி பஸ் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், நகரப் பகுதியில் எட்டு மணி வரை இழுக்கும். மெட்ரோ அதற்குப் பிறகும் ஓடுகிறது, ஆனால் போர்ட் லூயிஸ் தவிர வேறு கடற்கரைப் பக்கம் மெட்ரோ கிடையாதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் இருந்துவிட்டு நேரத்தோடுதான் நிறுத்தத்துக்கு வந்தோம். வந்த பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்துகொண்டு நிற்காமலே போயின. இருட்டிவிட்டது. டாக்ஸிக்காரர் ஒருவர் கேட்ட தொகையில் எங்கள் அந்த வாரக் காய்கறிச் செலவு முடிந்துவிடும். (டாக்ஸி என்றால் ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள், மீட்டரை எதிர்பார்க்காதீர்கள்.)

அப்போதுதான் உல்லாசப் பயணம் வந்த ஒரு தனி பஸ் எங்கள் முன்னால் மெதுவாகி நின்றது. இங்கே சொந்தபந்தம், அக்கம்பக்கம் எல்லாம் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைக்கு முழு பஸ்ஸையே வாடகைக்கு எடுத்துக்கொண்டு கடலுக்கு வருவார்கள், பெரிய பெரிய டேக்சாவில் பிரியாணி, பாய், ராவான் என்கிற ஆட்டுத்தோல் பறை, எல்லாம் சேர்த்து. படிக்கட்டில் நின்ற ஓர் அம்மா எங்களைப் பார்த்து, இங்கே பேச்சுமொழியான கிரியோலில் ஏதோ கேட்டார். எங்களுக்கு முன் மகள் பதில் சொல்லிவிட்டாள், பள்ளியில் கற்றுக்கொண்ட கிரியோல். "ஏறச் சொல்றாங்கம்மா, போ பாஸின் போறாங்களாம், வழியில இறக்கி விடுவாங்களாம்" என்றாள்.

ஏறினோம். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு, செகா என்கிற இந்த ஊர்ப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பின் சீட்டிலிருந்து ராவான் அடித்தவர் உள்ளங்கையில் மணல் ஒட்டியிருந்தது, ஒவ்வொரு அடிக்கும் அது தெறித்தது. அந்த அம்மா என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டு "தமூல்" என்றார். அவருக்குத் தமிழ் பேச வராது. ஐந்தாறு தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்த குடும்பமாம், மகள்தான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டு வந்தாள். செகா ஓய்ந்த ஒரு நேரத்தில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகன் பாட்டு ஒன்றை எடுத்தார், கோவிலில் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆனது, ஒரு எழுத்து பிசகவில்லை. என் வீட்டுக்காரரும் சேர்ந்துகொண்டார். பஸ்ஸில் இருந்த கிரியோல் இனத்துப் பையன்கள் அதற்கும் ராவான் தட்டினார்கள். கத்ர் போர்ன் சேன் ஜான் தேவாலயத்தருகே எங்களை இறக்கிவிட்டபோது மகள் கையில் ஒரு பொட்டலம் பிரியாணியும் இருந்தது. "மெர்சி தாந்தின்" (நன்றி அத்தை) என்று கத்திக்கொண்டே நின்றாள், பஸ் திரும்பும் வரைக்கும்.

அடுத்த தைப்பூசத்தன்று அதே அம்மாவைக் காவடிக் கூட்டத்தில் பார்த்தோம். கோர் த கார்ட் மலைச் சரிவில் இருக்கிற முருகன் கோவிலுக்குப் படியேறிக் கொண்டிருந்தார், ரோஜா நிறச் சேலை, தலையில் பால்குடம். தைப்பூசம் இங்கே அரசு விடுமுறை. சாலையெல்லாம் காவடிக்கு ஒதுங்கிவிடும், நாங்கள் வீட்டிலிருந்தே நடந்துபோய் வருவோம். மகா சிவராத்திரி சமயத்தில் மட்டும் கவனம் தேவை: கிராண்ட் பாஸின் என்கிற புனித ஏரிக்கு நடந்து போகிற பக்தர்கள் கூட்டத்தால் பல நாள் பஸ்கள் வழி மாறும், தாமதமாகும்.

புயல் காலம் தனிக் கதை. எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை வகை பிரித்துச் சொல்வார்கள், இரண்டு வந்தாலே பள்ளி கிடையாது. 2024 ஜனவரி 15, பெலால் புயலன்று போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் புகுந்து கார்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மிதந்த படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்காரர் அலுவலக மாடியிலிருந்து அதை நேரில் பார்த்துக்கொண்டு நின்றார். நான் எபேனிலிருந்து மழையிலேயே நடந்து வீடு வந்து, மகளை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் வடிந்த பிறகு, அவரோடு வேலை செய்பவர் ஒருவர், மேட்டில் நிறுத்தியிருந்ததால் தப்பித்த தன் காரில் அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டார். கார் வேண்டாம் என்று எழுதிக்கொண்டிருக்கிற நான் இதை மறைக்கக் கூடாது. அந்த மாதிரி நாளில் கார் வைத்திருக்கும் நாலு பேரின் சிநேகம் வேண்டும். நாங்களும் அவர்கள் வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறோம், தீபாவளிக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்கிறோம்.

சரி, யாருக்கு ஒத்துவரும்? போர்ட் லூயிஸ், போ பாஸின், ரோஸ் ஹில், கத்ர் போர்ன், ஃபீனிக்ஸ், வாக்வா, கியூர்பிப், இந்த வரிசையில் மெட்ரோ நிறுத்தத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு கிடைத்தால் கார் வாங்க அவசரப்படாதீர்கள். வடக்கே கிராண்ட் பே பக்கம் வீடு, அல்லது இரவு ஷிப்ட் வேலை, அல்லது ஊரிலிருந்து வயதான பெற்றோர் கூடவே இருக்கிறார்கள் என்றால் கார் வேண்டியிருக்கும், வீண் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு மட்டும் நாங்களே டாக்ஸிதான்.

வீடு பார்க்கப் போகும்போது புரோக்கர் காரில் போய் இறங்காதீர்கள். நிறுத்தத்திலிருந்து வீட்டு வாசல் வரை ஒருமுறை பையோடு நடந்து பாருங்கள், நடைபாதை இருக்கிறதா, மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது, ராத்திரி விளக்கு எரிகிறதா என்று. கத்ர் போர்ன் என்றால் வியாழனும் ஞாயிறும் துணிச் சந்தை, புதனும் சனியும் காய்கறி. அந்த நாட்களில் சந்தைப் பக்கம் எவ்வளவு நெரிசல் என்பதையும் ஒரு நடை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.