அடுப்புத் தீக்கு எது கைகொடுக்கும்: போர்வையா, பவுடரா, தலைக்கு மேல் தொங்கும் தானியங்கியா?

ஒசூரில் புது வீட்டுக்கு மாடுலர் கிச்சன் போடும்போது, சிம்னியோடு சேர்த்து ஒரு தானியங்கி தீயணைப்பானையும் மாட்டிவிடலாமா என்று பலருக்கும் தோன்றும். மாட்டலாம். ஆனால் முதலில் வாங்க வேண்டியது அதுவல்ல என்பது என் கட்சி.

எண்ணெய்ச் சட்டி பற்றுவது வேறு, கேஸ் கசிந்து பற்றுவது வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலக்கடலை விளையும் மண். செக்கு எண்ணெய் இல்லாத வீடு குறைவு. சுத்திகரித்த எண்ணெயைவிடச் செக்கு எண்ணெய் சீக்கிரமே புகையும். அந்தப் புகைதான் எச்சரிக்கை. அதைக் கவனிக்காமல் போன் பேசப் போய்விட்டால், 350 டிகிரி செல்சியஸ் வாக்கில் தீப்பொறி இல்லாமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது தண்ணீர் ஊற்றினால் அது நொடியில் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் ஆவியாக விரிந்து, எரியும் எண்ணெயைக் கூரைவரை வீசும். இன்னொரு சிக்கல்: சுவாலை அடங்கினாலும் எண்ணெயின் சூடு இறங்கியிருக்காது. காற்றுப் பட்டதும் மறுபடி பற்றும்.

கடையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பது ஏபிசி பவுடர் சிலிண்டர், அதாவது உலர் பவுடர் அடைத்த தீயணைப்பான். திரைச்சீலை, அட்டைப்பெட்டி, கேஸ், மின்சாரம் எல்லாவற்றுக்கும் ஆகும். எண்ணெய்க்கு மட்டும் அரைகுறை: சுவாலையை அடிக்கும், சூட்டைத் தணிக்காது. பக்கத்தில் நின்று அடித்தால் பீய்ச்சும் வேகமே எண்ணெயைச் சிதறடிக்கும். இரண்டு மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். பிறகு அந்த மஞ்சள் மாவை அலமாரி இடுக்குகளிலிருந்து துடைத்தெடுப்பது தனிக் கூத்து. துடைக்காமல் விட்டால் உலோகத்தை அரிக்கும்.

வெட் கெமிக்கல் சிலிண்டர் எண்ணெய்க்கென்றே செய்தது. உள்ளே பொட்டாசியம் உப்புக் கரைசல். சூடான எண்ணெயோடு சேர்ந்து மேலே சோப்பு நுரைபோல ஆடை கட்டும், சூட்டையும் இறக்கும், மறுபடி பற்றவிடாது. நீண்ட குழாய் வழியாக மெல்லிய தூறலாகத்தான் வரும். ஆனால் ஏபிசியைவிட விலை கூடுதல், சின்ன ஊர்க் கடைகளில் சொல்லிவைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

தீப்போர்வை கண்ணாடி இழைத் துணி. விலை குறைவு, ரீஃபில் கிடையாது, பராமரிக்க ஆளைக் கூப்பிட வேண்டாம். இரண்டு நாடாவையும் பிடித்து இழுத்து, விளிம்பைக் கைமேல் மடித்துக்கொண்டு, உங்கள் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகச் சட்டியை மூடுங்கள். அடுப்பை அணையுங்கள். அரை மணி நேரத்துக்குத் தூக்கிப் பார்க்காதீர்கள். ஒருமுறை தீயைப் பார்த்த போர்வையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். சட்டி சிறியதென்றால் வாயை முழுக்க மூடும் எவர்சில்வர் தாம்பாளமும் இதே வேலையைச் செய்யும். காசு செலவில்லாத போட்டியாளர்.

இனி தானியங்கி. நெடுஞ்சாலை ஓட்டல்களில் புகைக்கூண்டுக்குள் முனைக்குழாய்கள் வைத்து, சூட்டில் உருகும் இணைப்பு அறுந்ததும் மருந்து தெளித்து கேஸையும் அடைக்கிற முழு அமைப்பு உண்டு. அமெரிக்க விதிப்படி அதை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு அது யானையைக் கட்டித் தீனி போடுவது. வீட்டுக்கென வருவது கூரையில் தொங்கும் பவுடர் உருண்டை. அதன் கண்ணாடிக் குமிழைப் பாருங்கள்: சிவப்பு என்றால் 68 டிகிரியில் வெடிக்கும், பச்சை என்றால் 93. அடுப்புக்கு நேர் மேலே சிவப்பை மாட்டினால் சமையல் சூட்டிலேயே கொட்டிவிட வாய்ப்புண்டு. இன்னும் முக்கியம், உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே ஏபிசி பவுடர்தான். கேஸை அது நிறுத்தாது. அடுப்பு எரிந்துகொண்டே இருந்தால் எண்ணெய் மறுபடி பற்றும். தீயில் உருட்டிவிடும் பந்து வகையைச் சமையலறைப் பக்கமே கொண்டுவராதீர்கள். எண்ணெய்ச் சட்டிக்குள் வெடிக்க வேண்டிய பொருளா அது?

ஆகவே என் வரிசை: சமையலறைக் கதவருகே போர்வை, அடுத்த அறையில் வெட் கெமிக்கல். இரண்டுமே அடுப்புக்கு மேலோ பின்னாலோ கூடாது; தீயைத் தாண்டிக் கை நீட்ட முடியாது. ஒரே சிலிண்டர்தான் கட்டுப்படியாகும் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஏபிசி போதும், எண்ணெய்க்குப் போர்வை இருக்கிறதே. மறதியுள்ள பெரியவர் தனியாகச் சமைக்கும் வீட்டில் மட்டும் கணக்கு மாறும். அங்கே கூரைத் தானியங்கியைவிட, குறித்த நேரத்தில் கேஸை அடைக்கும் டைமர் வால்வுக்குச் செலவழிப்பேன்.

பராமரிப்பில் தொழிற்சாலை ஊரான ஒசூருக்குக் கவலையில்லை, ரீஃபில் ஆள் கிடைப்பார். அரூர், பென்னாகரம் பக்கம் இருப்பவர்கள் யார் வந்து நிரப்புவார் என்று கேட்டுவிட்டே சிலிண்டர் வாங்குங்கள். வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலை ஊர்களுக்குத் தீயணைப்பு வண்டி ஏறிவர நேரமாகும், அங்கே வீட்டிலேயே தீயணைப்பான் இருப்பது இன்னும் அவசியம். மாதம் ஒருமுறை சிலிண்டரின் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஏபிசியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்கினால் பவுடர் கட்டி தட்டாது. சிம்னி வடிகட்டியில் படிந்த பிசுக்கும் எரியும் எண்ணெய்தான், அதைச் சுடுதண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேஸ் டியூப்பில் அச்சிட்ட தேதியைப் படியுங்கள். ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மேலே சொன்ன எதையும் வாங்கும் முன் அதை மாற்றுங்கள். கசிவு வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண்ணான 1906ஐக் கூப்பிடுங்கள். தீ என்றால் 101 அல்லது 112.