கூலன்ட் ஒழுகும் பழைய கார்: அடைப்பதா, மாற்றுவதா, விற்பதா?

மதுரையில் சித்திரை பிறந்துவிட்டால் ரேடியேட்டர் கடைக்காரர்களுக்கு ஓய்வு கிடையாது. பத்துப் பதினைந்து வருடம் ஓடிய ஆல்ட்டோ, சான்ட்ரோ, வேகன் ஆர், இண்டிகா என்று வரிசையாக வந்து நிற்கும். வருகிறவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "தண்ணி குறையுதுண்ணே, வண்டி ஹீட்டாகுது." எஞ்சின் சூட்டை ரேடியேட்டருக்குச் சுமந்துபோகும் கூலன்ட்டைத்தான் தண்ணி என்கிறார். இந்தப் புகாருக்குக் கிடைக்கும் யோசனைதான் ஆளுக்கு ஒன்றாக இருக்கும். பவுடர் ஊற்றி அடைக்கலாம் என்பார் ஒருவர். ரேடியேட்டரின் டேங்க்கை மட்டும் மாற்றினால் போதும் என்பார் இன்னொருவர். எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போடச் சொல்கிறவர் உண்டு, வண்டியையே தள்ளிவிடச் சொல்கிறவரும் உண்டு.

இந்த வழிகளை விலையை வைத்து மட்டும் எடை போட்டால் முடிவு தப்பாகப் போகும். ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப் எல்லாம் கழற்றி மாட்டுகிற சாமான்கள். எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அப்படி இல்லை. பழைய சிறிய கார்கள் பலவற்றில் எஞ்சினின் அடிப்பகுதியான பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும், இரண்டுக்கும் இடையில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விடும். அதற்கப்புறம் ஆகும் செலவு ஒரு புது ரேடியேட்டரின் விலையைப்போலப் பல மடங்கு. ஆகவே எந்த வழியைச் சொன்னாலும் நான் பார்ப்பது, அது ஹெட்டைக் காப்பாற்றுமா என்பதைத்தான்.

முதலில் எங்கே ஒழுகுகிறது?

இது தெரியாமல் எந்த வழியையும் எதனோடும் ஒப்பிட முடியாது. எஞ்சின் நன்றாக ஆறியபின் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் வைத்த பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 பார் என்று போட்டிருப்பார்கள். அழுத்தம் ஏறியதும், சும்மா பார்த்தால் தெரியாத கசிவெல்லாம் துளித்துளியாக வெளியே வரும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும், நடுவில் மெல்லிய குழாய்கள் அடுக்கிய கோரும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளிப் இருக்கும் இடங்கள், வாட்டர் பம்ப்புக்கு அடியில் உள்ள சிறு துவாரம் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். பம்ப்பின் துவாரத்தில் ஈரம் இருந்தால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். பம்ப்பை மாற்றியே ஆக வேண்டும். சில வண்டிகளில் டைமிங் பெல்ட்டைக் கழற்றினால்தான் பம்ப்பைத் தொட முடியும். அப்படியானால் பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், கூலி ஒரு தடவையோடு போகும்.

முன்சீட்டில் கால் வைக்கும் இடம் ஈரமாக இருந்தால் பதற வேண்டாம். ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்தாலும் அங்கே நனையும். தொட்டால் பிசுபிசுப்பு, கொஞ்சம் நிறம், தித்திப்பான வாசனை மூன்றும் இருந்தால் அது வண்டிக்குள் சூடான காற்றைத் தரும் ஹீட்டர் கோரிலிருந்து வரும் கூலன்ட். நம்மூரில் ஹீட்டரை யாரும் போடுவதில்லை என்பதால் அந்த லைனை பைபாஸ் செய்துவிடுவது வழக்கம். மாற்றுவதென்றால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். மதுரை வண்டிக்கு பைபாஸ் போதும் என்பதே என் கருத்தும்.

எப்போது சூடாகிறது என்பதும் துப்புக் கொடுக்கும். கோரிப்பாளையம், காளவாசல் நெரிசலில் சூடு காட்டும் முள் ஏறி, நான்குவழிச் சாலையில் மேலூர் பக்கம் போகும்போது இறங்கினால் ஃபேனைப் பாருங்கள். ஏசி போட்டால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, போடாவிட்டால் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது. சென்சாரிலோ ரிலேயிலோதான் கோளாறு. நகருக்குள் சமர்த்தாக ஓடிவிட்டு, வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது மட்டும் சூடானால், கோரில் அடைப்பு அல்லது பம்ப் சரியாகத் தள்ளவில்லை என்று சந்தேகப்பட வேண்டும்.

முள்ளை முழுசாக நம்பவும் கூடாது. சென்சார் கூலன்ட்டில் நனைந்திருந்தால்தான் சரியான சூட்டைக் காட்டும். கூலன்ட் மொத்தமாக வெளியேறிவிட்டால், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே நிற்கக்கூடும். ஹெட் போகும் வண்டிகளில் கணிசமானவை இப்படித்தான் போகின்றன.

தண்ணீரா, கூலன்ட்டா?

வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிடக் கெட்டி. "அந்தக் காலத்துல தண்ணிதானே ஊத்தினோம்" என்கிற பெரியவர்களின் பேச்சில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதி கூலன்ட் பாதி தண்ணீர் கலவை, மூடி இல்லாமலே 107, 108 டிகிரி வரை தாங்கும். நல்ல மூடி போட்டு அழுத்தம் ஏறினால் 120-ஐத் தாண்டியும் கொதிக்காது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். எஞ்சின் ஓடும் சூடே 85, 90 டிகிரி. தளர்ந்த மூடியோடு வெறும் தண்ணீரை நம்பி மலை ஏறினால் எவ்வளவு இடைவெளி மிஞ்சும் என்று பாருங்கள்.

அதைவிடப் பெரிய கெடுதல் நம் போர்த் தண்ணீர். குடத்தில் வெள்ளையாகப் படிகிற அந்த உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அப்படியே படியும். கூலன்ட்டில் உள்ள துருத் தடுப்பு மருந்து இல்லாமல் அலுமினியமும் அரித்துப்போகும். வழியில் ஒழுகி, வீடு வந்து சேர வேறு வழி இல்லையென்றால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். ஆனால் அதை அப்படியே விட்டுவைக்காமல் அந்த வாரத்திலேயே இறக்கி, உள்ளே அலசிவிட்டுக் கூலன்ட் ஊற்றுங்கள். சிறிய கார்களுக்கு மொத்தமாகவே நான்கைந்து லிட்டர்தான் பிடிக்கும்.

கலந்தே வரும் கூலன்ட்டா, நாமே கலக்கும் கெட்டிச் சரக்கா என்றால், கலந்து வருவதையே நான் எடுப்பேன். கெட்டிச் சரக்கு கணக்குக்கு மலிவுதான், ஆனால் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி அளந்து கலக்கப் பொறுமை வேண்டும். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சையும் சிவப்பும் வெறும் சாயம். வண்டியின் கையேட்டில் என்ன வகை போட்டிருக்கிறதோ அதை வாங்குங்கள். இரண்டு வகையை ஒன்றாகக் கலந்தால் துருத் தடுப்பு பலவீனமாகும், சில சமயம் கூழாகத் திரளும்.

ரேடியேட்டர் ஒழுகினால்

இங்கேதான் வழிகள் அதிகம், வாக்குவாதமும் அதிகம். முதலில் உங்கள் ரேடியேட்டர் எந்த வகை என்று பாருங்கள். மிகப் பழைய வண்டிகளில் இருப்பது செம்பும் பித்தளையும். மேல் டேங்க்கைத் திறந்து, குழாய்களில் ராடு விட்டு உப்பை எடுத்து, ஓட்டை இருக்கும் இடத்தில் ஈயம் பற்றவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கை தேர்ந்தவர் செய்தால் அது வருடக்கணக்கில் நிற்கும். இந்த வகை உங்களிடம் இருந்தால் புதிதாக மாற்றும் நினைப்பே வேண்டாம், ரிப்பேர்தான் சரி.

பின்னால் வந்த வண்டிகளில் பெரும்பாலும் அலுமினியக் கோர், இரு ஓரத்திலும் பிளாஸ்டிக் டேங்க். வருடக்கணக்கில் சூட்டில் வெந்து வெந்து பிளாஸ்டிக் மொறுமொறுத்துப்போகும், ரப்பர் கேஸ்கட் இறுகிவிடும். இதற்கு நான்கு வழிகள் சொல்வார்கள்.

ஒன்று, உள்ளே ஊற்றி அடைக்கும் பவுடர் அல்லது திரவம். மஞ்சள்தூளைக் கொட்டும் பழைய வைத்தியமும் இதே கணக்குதான். ஊசித்துளை அளவு கசிவை இது நிறுத்தும், மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிற சரக்குக்கு, ஏற்கெனவே உப்புப் படிந்து குறுகிய குழாய் எது, ஓட்டை எது என்று தெரியாது. இரவில் நத்தம் ரோட்டில் மாட்டிக்கொண்டால் வீடு வந்து சேர உதவும். அதற்கு மேல் அதை உள்ளே வைத்துக்கொண்டு ஓட்டுவது ஹெட்டுக்கு நல்லதில்லை. பிளாஸ்டிக் டேங்க் விரிசலில் எம்-சீல் பூசுவதையும் இதே வரிசையில்தான் சேர்ப்பேன். சூட்டில் விரிந்து, ஆறியதும் சுருங்கும் பிளாஸ்டிக்கில் அந்தப் பூச்சு விட்டுப்போகும்.

இரண்டு, டேங்க்கை மட்டும் மாற்றுவது. கோரின் விளிம்பில் உள்ள அலுமினியப் பற்களை நிமிர்த்தி, புது டேங்க்கும் கேஸ்கட்டும் வைத்து மறுபடி மடிப்பார்கள். கோர் ஆரோக்கியமாக இருந்தால் இது நியாயமான ரிப்பேர், செலவும் குறைவு. ஆரோக்கியமா என்று பார்க்க எளிய வழி உண்டு: குழாய்களுக்கு இடையே உள்ள மெல்லிய தகடுகளான ஃபின்களை விரலால் லேசாக வருடுங்கள். மாவாக உதிர்ந்தால் அந்தக் கோருக்குப் புது டேங்க் வாங்குவது வீண் காசு. இன்னொன்று, அந்தப் பற்கள் ஒருமுறை நிமிர்த்தி மடக்கத் தாங்கும். இரண்டாம் முறை ஒடியத் தொடங்கும். ஏற்கெனவே ஒரு தடவை டேங்க் மாற்றிய ரேடியேட்டருக்கு இந்த வழி கிடையாது.

மூன்று, காயலான் கடை ரேடியேட்டர். கம்பெனிச் சாமான், பாதி விலை என்பார்கள். அதன் பிளாஸ்டிக்குக்கும் உங்கள் வண்டியின் வயதுதான் இருக்கும். மிக அரிதாக, புதிய சாமானே கிடைக்காத மாடல் என்றால் மட்டும் இதை யோசிக்கலாம்.

நான்கு, புது ரேடியேட்டர். பதினைந்து வயது வண்டிக்குக் கம்பெனிச் சாமானே வேண்டும் என்பதில்லை, வெளிச்சந்தையில் வரும் நல்ல தயாரிப்பு போதும். ஆனால் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோரின் தடிமன் பழையதைவிடக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். மெலிந்த கோர் மார்கழியில் சமாளிக்கும், அக்னி நட்சத்திரத்தில் கை கொடுக்காது. ஃபேன் மாட்டும் துளைகளும் ஒத்துப்போக வேண்டும். பிளாஸ்டிக் டேங்க் விரிசல் விட்ட பெரும்பாலான வண்டிகளுக்கு இந்த நான்காவது வழியையே சொல்வேன். கூடவே மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், கிளிப்புகள், மூடி ஆகியவற்றையும் மாற்றிவிடுங்கள். புது ரேடியேட்டர் போட்டதும் அழுத்தம் முழுசாக நிற்கும், அப்போது வெடிப்பது பழைய ஹோஸ்தான். மூடியைச் சின்னச் சாமான் என்று நினைக்காதீர்கள். சூட்டில் ரிசர்வ் டப்பாவுக்கு வெளியேறும் கூலன்ட்டை, ஆறியபின் திரும்ப உள்ளே இழுக்கும் வால்வு அதில்தான் இருக்கிறது. டப்பாவின் அளவு காலையிலும் ஓட்டிவந்த பின்னும் கொஞ்சம்கூட மாறவில்லை என்றால் மூடியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றலாமா?

"நம்மூரு வெயிலுக்கு வால்வு எதுக்குண்ணே?" என்று கேட்கிற மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். வேண்டாம். வெளியே 40 டிகிரி என்றாலும் எஞ்சினுக்கு வேண்டியது 80-க்கு மேல். தெர்மோஸ்டாட் இல்லையென்றால் எஞ்சின் குளிர்ந்தே ஓடி பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல் குறுக்கு வழியில் சுற்றி, சூடு இன்னும் ஏறும். புதிதாக ஒன்று மாட்டுங்கள், விலை பெரிதில்லை. சாவி போட்டதும் ஃபேன் எப்போதும் சுற்றும்படி டைரக்ட்டாக லைன் கொடுப்பது இதைவிடப் பரவாயில்லை, ஹெட்டுக்கு ஆபத்தில்லை. சரியான சென்சார் கிடைக்கும்வரை அப்படி ஓட்டலாம்.

ஹெட் கேஸ்கட் போய்விட்டால்

வெளியே ஒரு துளி ஒழுகாமல் கூலன்ட் குறைகிறது, எஞ்சின் போட்டதும் ரேடியேட்டர் வாயில் விடாமல் குமிழி வருகிறது, ஆயில் மூடிக்கு அடியில் வெள்ளை கலந்த பழுப்பில் நுரை, புகையில் தித்திப்பு வாசனை. இவற்றில் இரண்டு சேர்ந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

இங்கே மூன்று வழிகள். ஹெட்டை இறக்கி லேத்தில் ஃபேசிங் செய்து, அதாவது அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்கி, புது கேஸ்கட் போடுவது, பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாட்டுவது, விற்பது.

ஒரே ஒருமுறை சூடாகி உடனே நிறுத்திய வண்டி என்றால் ஃபேசிங் நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் வேலையின் தரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. சிறிய எஞ்சின்களின் ஹெட் பொதுவாக 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருக்கக் கூடாது. கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்வதை ஏற்காதீர்கள், நேர்விளிம்பும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். விரிசல் இருக்கிறதா என்று லேத்தில் பிரஷர் டெஸ்ட்டும் செய்ய வேண்டும். விரிசல் விட்ட ஹெட்டுக்கு ஃபேசிங் செய்து பயனில்லை. திரும்ப மாட்டும்போது, குறித்த இறுக்கத்துக்கு முறுக்க உதவும் டார்க் ரென்ச் வைத்து, கையேடு சொல்லும் வரிசையில் போல்ட்டை முறுக்க வேண்டும். சில எஞ்சின்களில் போல்ட்டையும் புதிதாகத்தான் போட வேண்டும். இதையெல்லாம் செய்வாரா என்று வேலை கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆயில், ஃபில்டர் மாற்றுவதும் இந்தக் கணக்கிலேயே சேரும்.

பழைய எஞ்சின் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும். அதன் ஹெட் எத்தனை தடவை வெந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எஞ்சின் எண் மாறுவதால் ஆர்.டி.ஓ.விடம் ஆர்.சி.யிலும் அதைப் பதிய வேண்டும். விற்றவரிடம் எஞ்சினுக்கு உரிய தாள்கள் இல்லையென்றால் அங்கே நின்றுபோவீர்கள். ஹெட்டும் பிளாக்கும் இரண்டுமே கெட்டுப்போனால் மட்டும் இதை யோசியுங்கள்.

விற்பதை ஆர்.சி.யின் தேதியோடு சேர்த்துப் பாருங்கள். சொந்தக் கார்களுக்கு 15 ஆண்டு முடிந்தபின், 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்து ஒன்றிரண்டு வருடமே ஆன, பாடி துருப்பிடிக்காத டி.என். 58, 59 என்ற மதுரைப் பதிவு வண்டி என்றால் ஹெட் வேலை செய்து வைத்துக்கொள்வேன். ஆர்.சி. முடியும் தறுவாயில், அடித்தகடும் அரித்து, ஹெட்டும் விரிசல் விட்டிருந்தால் நடந்ததைச் சொல்லியே விற்றுவிடுவேன். கெட்ட எஞ்சினைப் பவுடரில் அடைத்து நல்ல வண்டி என்று இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்டுவதை மட்டும் செய்யக் கூடாது.

எந்த வேலை செய்தாலும் கடைசியில் உள்ளே மாட்டிய காற்றை எடுக்க வேண்டும். முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி நிறுத்தி, ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து, குமிழி நிற்கும்வரை கூலன்ட் ஊற்றிக்கொண்டே இருங்கள். அப்புறம் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியில் ரிசர்வ் டப்பாவின் அளவைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றிவிட்டு, உச்சி வெயிலில் ஏசி போட்டு சிம்மக்கல் நெரிசலில் ஓட்டிப் பாருங்கள். அங்கே முள் நடுவில் நின்றால், அடுத்து சிறுமலை ஏறிப் பார்க்கலாம்.