ஒற்றைக் கட்டமா, இரட்டைக் கட்டமா?

10 மீற்றர் காற்றுத் துப்பாக்கி (ரைபிள்) போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீற்றர்தான். விரல் கொஞ்சம் இழுபட்டாலே கதை முடிந்தது. அதனால் ட்ரிகர் (சுட விரலால் இழுக்கும் விசை) மாற்றுகிறவர்கள் முதலில் ஒற்றைக் கட்டமா, இரட்டைக் கட்டமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

ஒற்றைக் கட்ட ட்ரிகரில் தளர்வே இல்லை. தொட்ட இடத்தில் நிற்கும், விரலின் அழுத்தம் போதுமானதும் சட்டென்று விடும். அனுபவப்பட்ட விரலுக்குச் சரி. இரட்டைக் கட்டத்தில் முதலில் இலேசாக உள்ளே போகும். பிறகு சுவரில் முட்டியதுபோல ஓர் இடம். அங்கே மூச்சை நிறுத்திக் குறியைப் பார்த்துவிட்டு மெல்ல அழுத்தலாம். புதிதாகப் பழகுகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே திருகோணமலையில் இன்னொன்றும் உண்டு. உப்புவெளிப் பக்கம் வீடென்றால் உப்புக்காற்று ட்ரிகரின் சின்னச் சுருள்வில்லைக்கூட விடாது, துருப்பிடிக்கும். இரட்டைக் கட்டத்தில் பெரும்பாலும் பாகங்கள் கூட, துடைக்கிற வேலையும் கூட. எண்ணெய் ஒரு துளி போதும், அதிகம் விட்டால் மணல் ஒட்டும்.

பொருத்துமுன் குண்டு இல்லையென்று இரண்டு தரம் பாருங்கள். கழற்றும்போதே வில் இருந்த திசையைப் படம் எடுத்துவையுங்கள். பூட்டியபின், குண்டு போடாமல் விசையேற்றி, குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, பிடியை உள்ளங்கையால் தட்டுங்கள். தானாக விடுபட்டால், ஏற்றிய விசையைப் பிடித்து நிறுத்தும் கொக்கி போதுமான அளவு பிடிக்கவில்லை. அதைச் சுடக் கூடாது, துப்பாக்கி திருத்துகிறவரிடம் கொடுங்கள்.