டப்பாவைப் படிங்க சார்: பத்மினிக்கு மூன்று வருடமாக ஆன்லைனில் சாமான் வாங்கிய அனுபவம்

எங்களுடையது 1984 மாடல் பிரீமியர் பத்மினி கார், அப்பா ஓட்டிய வண்டி. ராயபுரத்தில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நிற்பதால் துருவோடு தினமும் மல்லுக்கட்டு. அதுகூடப் பரவாயில்லை. சாமான் கிடைப்பதுதான் பாடு. முன்பு பழைய வண்டிச் சாமான் கடைகள் உள்ள புதுப்பேட்டைக்குப் போய்த் துழாவுவேன், மூன்று வருடமாகப் பாதிக்குப் பாதி ஆன்லைன்தான்.

முதலில் வாங்கியது டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட், இன்ஜினில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன ஸ்விட்ச். '1980-களின் ஒரிஜினல் பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா' என்று போட்டிருந்தார்கள். 650 ரூபாய். மங்கிப்போய், ஓரம் நைந்து, பார்க்கவே ஆசையாக இருந்தது அந்த டப்பா. தண்டையார்பேட்டை மெக்கானிக் அண்ணனிடம் நீட்டினேன். பாயிண்டை அவர் தொடவே இல்லை. டப்பாவைத் திருப்பி முகவரியைப் படித்தார்.

"இன்னா சார், மெட்ராஸ் பேரு மாறுனதே தொண்ணூத்தாறுலதான். எம்பதுலயே இங்கிலீஷ்ல சென்னைன்னு போட்ருக்கான்?"

தமிழில் அப்போதும் சென்னைதான், ஆனால் ஆங்கில முகவரியில் 1996 வரை மெட்ராஸ். அட்டையைப் பழசாக்கத் தெரிந்தவனுக்கு இது தோன்றவில்லை. சரி, வாங்கியாச்சே, மாட்டுங்கள் என்றேன். என் புத்தி.

இரண்டே மாதம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், தேரடி பக்கம், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே இழுவை இல்லை, இன்ஜின் சூடேறியது. பாயிண்டைத் திறந்து மூடவைக்கும் சுழலும் கேமில் உரசும் சின்ன ஃபைபர் கட்டை தேய்ந்து, பாயிண்ட் திறக்கும்போது 0.4 மி.மீ. வாக்கில் இருக்க வேண்டிய இடைவெளி கிட்டத்தட்ட மூடிவிட்டது. இடைவெளி குறையக் குறைய டைமிங் பின்னால் போகும், அதாவது பொறி தாமதமாக விழும்; இழுவை போனதும் சூடேறியதும் அதனால்தான். ஆனால் திருப்பி அனுப்ப ஏழு நாள்தான் கெடு. இந்த மாதிரி போலி எட்டாவது நாளுக்கு அப்புறம்தான் பல்லைக் காட்டும்.

அதிலிருந்து முதலில் டப்பாவைத்தான் பெரிதாக்கிப் பார்க்கிறேன். 1960-களின் ஃபியட் (பத்மினியின் முந்தைய பெயர்) சாமான் என்கிறார்கள், முகவரியில் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறது. பின்கோடு வந்ததே 1972 ஆகஸ்டில். ஸ்பார்க் பிளக் செய்த மைகோ கம்பெனி 2008-ல்தான் 'பாஷ் லிமிடெட்' என்று பெயர் மாறியது, அந்தப் பெயரோடு எண்பதுகளின் ஸ்பார்க் பிளக் இருக்க முடியாது. நிஜமான பழைய டப்பாவுக்குள் புதுப் போலியை வைத்து விற்பதும் உண்டு என்பதால், துண்டுச் சீட்டில் என் பெயரை எழுதி, விற்கும் அதே சாமானின் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்வேன். பாதிப் பேர் அதோடு பேசுவதில்லை.

பின்விளக்குக் கண்ணாடி மட்டும் 'இது புதிதாகச் செய்தது' என்று சொல்லியே விற்றார்கள். கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். அதில் எனக்கு வருத்தமில்லை.

சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டருக்கான ரப்பரை மட்டும் இனி ஆன்லைனில் வாங்குவதாக இல்லை. ஒருமுறை வந்ததை மாட்டும் முன் இரண்டு நாள் பிரேக் ஆயிலில் ஊறப் போட்டோம். ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி பெருத்திருந்தது. சிலிண்டருக்குள் இருந்திருந்தால் பிரேக் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும்.

அந்த 'சென்னை' டப்பா இன்னும் அண்ணன் கடையில்தான். ஸ்பிளிட் பின் போட்டு வைத்திருக்கிறார்.