எட்டுத் துண்டு பிளாஸ்டிக் மூளை, மூணரை ஸ்டார்

பத்தாவது, பதினொண்ணாவது பசங்களுக்கு வீட்டு மாடில பயாலஜி ட்யூஷன் எடுக்குறேன். மூளை பாடம் வந்தா போன வருஷம் வரைக்கும் கறிக்கடை பாய்தான் எனக்கு லேப் சப்ளையர், காலைல ஆறு மணிக்கே போய் ஆட்டு மூளை ஒண்ணு வாங்கிட்டு வந்து எவர்சில்வர் தட்டுல வச்சுக் காட்டுவேன். "என்ன சார், வறுவலா ட்யூஷனா"ன்னு கேட்டுட்டுதான் தலையவே எடுப்பாரு, ட்யூஷன்னா கத்திய கொஞ்சம் பாத்து இறக்குவாரு, இல்லன்னா மூளை ரெண்டா பொளந்துதான் வரும். இந்த வருஷம் பேட்ச்ல மூணு பொண்ணுங்க சுத்த சைவம், நாங்க வாசல்லயே உக்காந்துக்குறோம் சார்னு சொல்லிட்டாங்க, சரின்னு ஆன்லைன்ல 1,850 ரூபாய்க்கு இந்த பிளாஸ்டிக் மூளை மாடல ஆர்டர் போட்டேன். கம்பெனி பேர் வேணாம், ஒரே அச்சுல வார்த்தத நாலஞ்சு பேர்ல விக்கிறாங்க.

நிஜ சைஸ், ரெண்டு பாதியா பிரியும், ஒவ்வொரு பாதிலயும் நாலு துண்டு. முன்னாடி மேல ஒண்ணு, பின்னாடி கீழ ஒண்ணு, சிறுமூளை, மூளைத்தண்டு. சின்னச் சின்ன காந்தம் வச்சு சேத்துருக்காங்க, பெருமூளைக்கு அது ஓகே, ஆனா சிறுமூளை சும்மா தொட்டாலே கழண்டு விழுது. முதல் நாளே உருண்டு படிக்கட்டு வரைக்கும் போயிடுச்சு, பசங்களுக்கு ஒரே கொண்டாட்டம்.

கலர்தான் எனக்குப் பிடிக்கல. நெற்றி மடல் மஞ்சள், பக்கவாட்டு மடல் பச்சைன்னு கோலப்பொடி கணக்கா அடிச்சு வச்சிருக்கான், படிக்க ஈஸிதான், ஆனா ஒரு பையன் "மண்டைய தொறந்தா பச்சை எந்தப் பக்கம் சார் இருக்கும்"னு சீரியஸாவே கேட்டான். நிஜத்துல மேல 2-லருந்து 4 மில்லிமீட்டர் கனத்துக்கு சாம்பல் நிறப் பட்டை, அதுக்கு உள்ள வெள்ளை, அவ்ளோதான். அப்புறம் இத தட்டினா டொக்குன்னு சத்தம் வருது. நிஜ மூளை இளநீர் வழுக்கை மாதிரி இருக்கும், அதனாலதான் மண்டையோடு, மூணு உறை, தண்ணிக்குள்ள மிதக்குற ஏற்பாடுன்னு இவ்ளோ பாதுகாப்புன்னு ஆட்டு மூளைய விரலால ஒரு அமுக்கு அமுக்குனா போதும், புரிஞ்சிடும். பிளாஸ்டிக்க வச்சு இத வாயால சொல்ல எனக்கு பத்து நிமிஷம் ஆச்சு.

இன்னொரு பெரிய தப்பு, அடில மூளை நரம்பு பன்னெண்டுக்கும் நம்பர் போட்டுருக்காங்க, நாலாவது நரம்ப முன்பக்கத்துலருந்தே கிளம்புற மாதிரி காட்டிருக்கான். மூளைத்தண்டோட முதுகுப் பக்கத்துலருந்து வெளிய வர்ற ஒரே மூளை நரம்பு அதுதாங்க! பின்னாடி கிளம்பி சுத்தி முன்னாடி வந்து கண்ண ஆட்டுற ஒரு தசைக்குப் போகும். நீட்டுக்குப் படிக்கிற பிள்ளைங்க கைல இத குடுத்தா என்ன ஆகுறது, நான் அத சுரண்டிட்டு பின்பக்கம் ஒரு மஞ்ச நூல ஒட்டிருக்கேன்.

இப்படித் திட்டிட்டு ஏன் மூணரைன்னு கேப்பீங்க. எங்க பேட்ச்ல ஒரு பையன், அவன் தாத்தாவுக்கு பக்கவாதம், வலது கை கால் வரல, நம்ம சொல்றது புரியுது ஆனா பேச்சு வரல. அவன் கேட்டான், "ஸ்கேன்ல இடது பக்கம் அடைப்புன்னு சொன்னாங்க, வலது கைதானே சார் வரல, மாத்தி சொல்லிட்டாங்களா"ன்னு. இடது பாதிய கழட்டி அவன் கைலயே குடுத்தேன், கைய ஆட்டுற பட்டை எதுன்னு விரல் வச்சு பாத்தான், அங்கருந்து இறங்குற இழைங்கள்ல பெரும்பாலானது முகுளத்தோட, அதாவது மூளைத்தண்டோட கீழ்ப் பகுதியோட, அடில பக்கம் மாறிப் போகுதுன்னு சொன்னேன். மாடல்ல அந்த இடம் வழுவழுன்னு இருக்கு, அந்த குறுக்குப் பின்னல் செதுக்கவே இல்ல, நான்தான் ரெண்டு விரல பின்னிக் காட்டுனேன். அந்தப் பட்டைக்குக் கொஞ்சம் முன்னாடியே கீழ புரோகா பகுதி, பேச்ச வெளிய கொண்டு வர்ற இடம். 1861-ல பாரிஸ்ல புரோகாங்குற டாக்டர்கிட்ட ஒரு நோயாளி, எத கேட்டாலும் "டான்" மட்டும்தான் பதில், அவர் செத்தப்புறம் தொறந்து பாத்தா இடது பக்கம் இதே இடம் கெட்டுப்போயிருந்துச்சு, அந்த மூளைய இன்னிக்கும் பாரிஸ்ல வச்சிருக்காங்க. பையன் ரொம்ப நேரம் அந்தத் துண்ட கீழ வைக்கல. ஆட்டு மூளைல இத காட்ட முடியாது பாருங்க, அதுல மடிப்பு கம்மி, பேச்சுக்குன்னு இடமும் கிடையாது.

சிறுமூளைய குறுக்க பாத்தா மரம் மாதிரி கிளை கிளையா வரும், அத அழகா செதுக்கிருக்காங்க, இத ஒத்துக்கணும். மனுஷ மூளைல கிட்டத்தட்ட 8,600 கோடி நியூரான், அதுல முக்கால்வாசிக்கு மேல இந்த குட்டித் துண்டுக்குள்ளதான் இருக்குன்னா யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. என்ன வேலைன்னு கேட்டதுக்கு டாஸ்மாக் வாசல்ல தள்ளாடுறவர நடிச்சுக் காட்டுனேன், கீழருந்து என் வீட்டம்மா பாத்துட்டாங்க, அது தனிக் கதை.

ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் இதுல கிடைக்காது, அது உள்ள இருக்குற மடல் தொறக்காது, காலேஜ் பிள்ளைங்க பெரிய மாடலா பாத்து வாங்குங்க. சார்ட் முழுக்க இங்கிலீஷ், பெருமூளை முகுளம்னு நானே லேபிள் எழுதி ஒட்டுனேன். அடில ஓடுற செவப்பு ரத்தக்குழாய் ஒண்ணு பெட்டிலயே ஒடஞ்சுதான் வந்துச்சு, ரிட்டர்ன் போட்டா பதினஞ்சு நாள்னாங்க, பாடம் நடந்துட்டு இருக்கு, 20 ரூபா பசை வாங்கி ஒட்டிட்டேன். உள்ள ஒரு சீட்டு வேற, அஞ்சு ஸ்டார் போட்டா நூறு ரூபா கேஷ்பேக்காம். பாய்கிட்ட போட்டோ காட்டுனேன், மூளை பெருசாத்தான் இருக்கு சார்னாரு, வெலைய சொன்னதும் கத்திய கீழ வச்சுட்டாரு.